பதவி உயர்வு ஃபைல் திரும்பி வந்தபோது: மலைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு என் அனுபவம்

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து மூன்று, நான்கு ஆண்டுகள் ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக நீலகிரியில் வேலை பார்ப்பவர்களுக்கு, அதிலும் மகப்பேறு விடுப்பு எடுத்த அல்லது எடுக்கப்போகிற பெண்களுக்கு. சி.ஏ.எஸ். என்று நாம் எல்லோரும் சொல்லும் பணி மேம்பாட்டுத் திட்டத்தில், ஊதிய நிலை 10-இலிருந்து நிலை 11-க்குப் போக நான் கொடுத்த ஃபைல் 'கற்பித்தல் செயல்பாடு திருப்தியாக இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்த ஒரு வரியை மாற்ற ஓராண்டுக்கு மேல் அலைந்தேன். கல்லூரி, துறை, ஃபைல் போன அலுவலகம் எதையும் இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. பின்னால் பலரிடம் பேசியபோது, இதே கணக்கு வேறு இடங்களிலும் இப்படித்தான் போடப்படுகிறது என்று தெரிந்தது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. 2010-இல் யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகளில் ஏ.பி.ஐ. என்று ஒரு மதிப்பெண் முறை இருந்தது. செமினாருக்குப் போனால் இத்தனை, கட்டுரை எழுதினால் இத்தனை என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் சீனியர்கள் இன்றும் 'உனக்கு எத்தனை பாயிண்ட்' என்றுதான் கேட்கிறார்கள். 2018 ஜூலையில் வந்த விதிமுறைகள் இதை மாற்றிவிட்டன. இப்போது ஒவ்வோர் ஆண்டும் இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள். ஒன்று, உங்களுக்கு ஒதுக்கிய வகுப்புகளில் எத்தனை சதவீதம் எடுத்தீர்கள் என்பது. 80 அல்லது அதற்கு மேல் என்றால் 'நன்று', 70-க்குக் குறையாமல் இருந்தால் 'திருப்தி', அதற்கும் கீழே போனால் 'திருப்தி இல்லை'. இரண்டாவது, தேர்வுப் பணி, என்.எஸ்.எஸ்., நிர்வாகப் பொறுப்பு, கருத்தரங்கு நடத்துவது, ஆராய்ச்சித் திட்டம், கட்டுரை வெளியிடுவது போன்ற செயல்பாடுகள். மூன்றிலாவது பங்கெடுத்திருந்தால் 'நன்று', ஒன்றிரண்டு என்றால் 'திருப்தி'. பிஎச்.டி. உள்ளவருக்கு நான்கு ஆண்டு சர்வீஸ் போதும், எம்.ஃபில். என்றால் ஐந்து, இரண்டும் இல்லாவிட்டால் ஆறு. நான்கு ஆண்டில் மூன்று ஆண்டாவது 'திருப்தி' அல்லது 'நன்று' வாங்கியிருக்க வேண்டும். இதோடு கற்பிக்கும் முறை பற்றிய 21 நாள் ஓரியன்டேஷன் கோர்ஸ், ரெஃப்ரெஷர் என்கிற புத்தாக்கப் பயிற்சி அல்லது அதற்கு ஈடாக விதியில் சொல்லியிருக்கும் வேறொரு பயிற்சி.

படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. பழைய முறையைவிட இது நல்லது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். புள்ளி சேர்ப்பதற்காக யாரும் பார்க்காத பத்திரிகையில் காசு கொடுத்துக் கட்டுரை போடும் கொடுமை கொஞ்சமாவது குறைந்தது. ஆனால் எடுத்த வகுப்பை ஒதுக்கிய வகுப்பால் வகுக்கும்போது, அந்த 'ஒதுக்கிய வகுப்பு' எத்தனை என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? என் பிரச்சினை முழுக்க அங்கேதான் இருந்தது.

நான் சேர்ந்தது 2018 ஜூலையில். முதல் ஆண்டு சிக்கல் எதுவும் இல்லை. 2019 ஆகஸ்டில் பெய்த மழை நீலகிரியில் இருந்தவர்கள் யாருக்கும் மறக்காது. அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. கூடலூர் பக்கமும் எமரால்டு பக்கமும் சாலை சரிந்து, மரம் விழுந்து, பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை நீண்டுகொண்டே போனது. விடுமுறை முடிந்த பிறகும் மஞ்சூர், குந்தா பிள்ளைகள் பல நாட்கள் வரவில்லை, பஸ் ஓடவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் கோவைக்கு இறங்கி பாரதியார் பல்கலைக்கழகத்தில் ஓரியன்டேஷன் முடித்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தவர்கள் நல்ல ஆசிரியர்கள், இன்றும் வகுப்பில் எனக்குப் பயன்படுகிறது. அப்புறம் 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரியையே மூடிவிட்டார்கள். பாடத்தை ஒலிப்பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எஸ்டேட் லைனில், அதாவது தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும் பிள்ளைகள் டவர் கிடைக்கத் தேயிலைக்காட்டு மேட்டில் ஏறி நின்று அதை இறக்கிக் கேட்டார்கள். அடுத்த கல்வியாண்டில் ஆகஸ்ட், செப்டம்பரில் ஆன்லைன் வகுப்பு எடுத்துவிட்டு, அக்டோபரில் மகப்பேறு விடுப்பில் போனேன். அப்போது தமிழகத்தில் ஒன்பது மாதம் கொடுத்தார்கள். 2021-22-இல் முழு ஆண்டும் வகுப்பில் இருந்தேன்.

2022 ஜூலையில் நான்கு ஆண்டு முடிந்ததும் ஃபைலைக் கொடுத்தேன். 2023 பிப்ரவரியில் ஒரு மதியம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, 'மேடம், உங்க ஃபைல் திரும்பி வந்திருச்சு, பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க' என்றார்கள். 2019-20-க்கு 68 சதவீதம், 2020-21-க்கு 25 சதவீதம் என்று போட்டிருந்தது. நான்கில் இரண்டு ஆண்டு 'திருப்தி இல்லை'. கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. அவமானமாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. மழை, மூடுபனி பார்க்காமல் கேத்தியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து வகுப்பெடுத்த எனக்கு, வகுப்பே எடுக்காதவள் என்று பெயர். வீட்டில் யாரிடமும் ஒரு வாரம் சொல்லவில்லை. ஸ்டாஃப் ரூமில் ஒருவர், 'குழந்தை பெத்துக்கிட்டா ஒரு வருஷம் லேட்டாகத்தான் செய்யும், விடுங்க மேடம்' என்று ஆறுதலாகவே சொன்னார். அந்த ஆறுதல்தான் எனக்கு அதிகம் வலித்தது. அப்படி ஒரு விதி எங்கும் இல்லை என்பது அப்போது எனக்கும் தெரியாது, சொன்ன அவருக்கும் தெரியாது.

துக்கம் கொஞ்சம் அடங்கியதும் 2018 விதிமுறைகளை முழுதாக இறக்கி, பிற்சேர்க்கை 2-இல் உள்ள முதல் அட்டவணையைப் படித்தேன். எல்லோரும் சதவீதக் கட்டங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது. மகப்பேறு விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, மருத்துவ விடுப்பு, படிப்பு விடுப்பு, அயற்பணி போன்றவற்றில் இருந்த காலத்தை மதிப்பீட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும். மீதியுள்ள காலத்துக்கு என்ன தரம் வருகிறதோ அதையே முழுக் காலத்துக்கும் விரித்துக்கொள்ள வேண்டும். முன் அனுமதியோடு எடுத்த விடுப்பாக இருந்தால், அதனால் ஆசிரியருக்குப் பதவி உயர்வில் எந்தப் பாதகமும் வரக்கூடாது. இவ்வளவும் அதிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது இரவு பதினொன்று இருக்கும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் படித்தேன்.

என் கணக்கு எப்படிப் போடப்பட்டிருந்தது, எப்படிப் போட்டிருக்க வேண்டும் என்பதை எண்ணோடு சொல்கிறேன். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, ஆண்டுக்கு 30 வாரம். ஆக 480 மணி. துறையில் எல்லா ஆண்டுக்கும் கீழே இந்த 480-ஐயே போட்டு வகுத்திருந்தார்கள். 2020-21-இல் விடுப்புக்குப் போகும்முன் எனக்கு ஒதுக்கியது எட்டு வாரம், 128 மணி. அதில் 120 மணி வகுப்பெடுத்திருந்தேன். 120-ஐ 480-ஆல் வகுத்தால் 25 சதவீதம். 128-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 94. 2019-20-இல் நான் எடுத்தது 328 மணி. மழை விடுமுறையும் மார்ச்சுக்குப் பிறகு கல்லூரி மூடியிருந்ததுமாகச் சேர்ந்து ஆறு வாரம், அதாவது 96 மணி நேரம் யாருக்குமே வகுப்பு கிடையாது. மாவட்ட ஆட்சியர் விடுமுறை விட்ட நாளில் எனக்கு வகுப்பு ஒதுக்கப்பட்டிருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? அதைக் கழித்தால் 384. 328-ஐ 384-ஆல் வகுத்தால் 85 சதவீதம். ஓரியன்டேஷனுக்குப் போன நாட்களைக் கழிக்காமலே இவ்வளவு வருகிறது. வாட்ஸ்அப்பில் எடுத்த பாடத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அதனால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் படிவத்தில் கீழே வகுக்கும் எண்ணாக என்ன போட்டிருக்கிறார்கள் என்பதை. சமவெளிக் கல்லூரிகளுக்கு இது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு, இரண்டிலும் நாம் வகுப்புகளை இழக்கிறோம். பர்லியார் பக்கம் மண் சரிந்தால் போக்குவரத்தைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், அன்று பாதி வகுப்பு காலி. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஆட்சியர் அறிவிப்போ கல்லூரிச் சுற்றறிக்கையோ ஏதாவது ஒன்றை அன்றைக்கே எடுத்து வையுங்கள். போனில் வந்த படமாக இருந்தாலும் சரி. ஈடுகட்ட வைத்த சனிக்கிழமை வகுப்பைத் தனியாகக் குறியுங்கள். அது ஒதுக்கிய கணக்கு, எடுத்த கணக்கு இரண்டிலும் வர வேண்டும்.

கணக்கு சரி என்று தெரிந்துவிட்டால் போதுமா, ஆதாரம் வேண்டுமே. துறை அலமாரியைத் திறந்தால், 2019-ஆம் ஆண்டு வருகைப் பதிவேடுகள் ஈரம் கோத்து ஒட்டிக்கொண்டிருந்தன. சில பக்கங்களில் பூஞ்சை படர்ந்து மையே தெரியவில்லை. ஊட்டி, குன்னூரில் பீரோவுக்குள் வைத்த துணியே பூஞ்சை பிடிக்கும்போது காகிதம் என்ன செய்யும்? என் சொந்த வகுப்புக் குறிப்பேடு மட்டும் உருப்படியாக இருந்தது. தேதி, பாடவேளை, நடத்திய தலைப்பு என்று அன்றாடம் எழுதும் பழக்கம் எனக்கு என் பிஎச்.டி. நெறியாளரிடமிருந்து வந்தது. ஆனால் அதில் துறைத்தலைவர் கையெழுத்து இல்லை என்று முதலில் ஏற்க மறுத்தார்கள். கடைசியில், பழைய கால அட்டவணை, தேர்வுப் பிரிவில் இருந்த அகமதிப்பீட்டுத் தேதிகள், மாணவர்கள் வைத்திருந்த நோட்டுகள் எல்லாவற்றையும் குறிப்பேட்டோடு பொருத்தி ஓர் அட்டவணை தயாரித்தேன். கோத்தகிரியில் இப்போது கணவர் கடையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மாணவி, தன் நோட்டை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். அதில் நான் நடத்திய ஒவ்வொரு தலைப்புக்கும் மேலே தேதி போட்டு எழுதியிருந்தாள்.

மாதம் ஒரு தடவை குறிப்பேட்டைத் துறைத்தலைவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே போனில் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். செயல்பாடுகளுக்கும் அப்படியே. என்.எஸ்.எஸ். ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்தினால் முகாம் முடிந்த வாரத்திலேயே சான்றிதழ் கேளுங்கள். முதல்வர் மாறிவிட்டால் அப்புறம் யார் கையெழுத்துப் போடுவார்? ஏற்கெனவே கட்டுரை வெளியாகியிருந்தால், அன்று அந்தப் பத்திரிகை யு.ஜி.சி. பட்டியலில் இருந்ததற்கான பக்கத்தைச் சேமித்து வையுங்கள். 2018 மே மாதத்தில் ஒரே மூச்சில் 4,305 பத்திரிகைகளைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதற்குப் பதிலாக 2019-இல் வந்த கேர் என்ற பத்திரிகைப் பட்டியலையும் 2025-இல் நிறுத்திவிட்டார்கள். கட்டுரை வந்த அன்று இருந்த பட்டியல், உங்கள் ஃபைலை எடுத்துப் பார்க்கும் நாளில் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

எல்லாம் தயாரான பிறகும் துறையில் திருத்தம் செய்ய மனமில்லை. 'மேல போன கணக்கை மாத்தினா எங்க மேல கேள்வி வரும்' என்றார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு என் சம்பளம் விலையா? குன்னூரில் வக்கீலாக இருக்கும் ஒரு பள்ளித் தோழியிடம் போய் அழுதேன். அவள் இரண்டு தீர்ப்புகளைச் சொன்னாள். 2008-இல் தேவ் தத் வழக்கிலும், 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கிலும், அரசு ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டுக் குறிப்பு நல்லதோ கெட்டதோ எதுவானாலும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெரிவித்தால்தானே மறுப்பு எழுத முடியும்? எனக்கு அந்த இரண்டு ஆண்டின் தரமும் ஃபைல் திரும்பி வரும்வரை தெரிவிக்கப்படவே இல்லை. சண்டை போடப் போகாதே, முதலில் காகிதத்தைக் கேள் என்றாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதவி உயர்வு ஃபைல்களைப் பரிசீலிக்கும் ஸ்கிரீனிங் கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்பு, என் ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களின் நகல், சதவீதம் கணக்கிட்ட முறை ஆகிய மூன்றையும் கேட்டேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அமைப்பில் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். எனக்கு மேல்முறையீடு தேவைப்படவில்லை. நகல் கையில் வந்த பிறகு, வாய்விட்டு யாரையும் குறை சொல்லாமல், 480-ஐ வட்டமிட்டு, விதியின் குறிப்பைப் பக்க எண்ணோடு இணைத்து, முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். தபால் பிரிவில் இன்வர்ட் எண், அதாவது கடிதம் வந்ததற்கான பதிவு எண் போட்டுத்தான் கொடுத்தேன். எந்தக் கடிதத்தையும் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், எண்ணும் முத்திரையும் இல்லாத கடிதத்தைக் கொடுத்ததாக நாளைக்கு நீங்கள் நிரூபிக்க முடியாது.

முதல்வர் நல்லவர். படித்துப் பார்த்துவிட்டு, 'இது உங்க ஒருத்தர் விஷயம் இல்லம்மா' என்றார். திருத்திய படிவம் போனது. 2024-இல் கமிட்டி மறுபடி கூடி, இரண்டு ஆண்டுக்கும் 'நன்று' போட்டது. பதவி உயர்வு ஆணையும் வந்தது.

ஆனால் தேதியில் அடி விழுந்தது. இது பலருக்குத் தெரியாத இடம், நிதானமாகப் படியுங்கள். தகுதி வந்ததும் விண்ணப்பித்து முதல் முறையிலேயே தேறினால், தகுதி வந்த நாளிலிருந்தே பதவி உயர்வு. முதல் மதிப்பீட்டில் தேறாவிட்டால் ஓராண்டு கழித்துத்தான் மறுபடி பார்ப்பார்கள், தேறினாலும் அந்த ஓராண்டு கழிந்த தேதியிலிருந்துதான் கணக்கு. என் ஃபைல் 'திருத்தத்துக்காகத் திருப்பப்பட்டது' என்று வந்திருந்தால் 2022 ஜூலை கிடைத்திருக்கும். குறிப்பில் 'தேறவில்லை' என்று எழுதிவிட்டார்கள். அதனால் 2024 பிப்ரவரியிலிருந்துதான் கொடுத்தார்கள். நிலை 10-இன் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700, நிலை 11-இல் 68,900. நான்கு இன்கிரிமென்ட் வாங்கி 64,900-இல் இருந்த எனக்கு மாதம் 4,000 ரூபாய் வித்தியாசம். பத்தொன்பது மாதத்துக்கு அகவிலைப்படியோடு சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. அதைவிட, நிலை 12-க்குப் போக வேண்டிய ஐந்து ஆண்டும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும், அதற்கடுத்ததும் அப்படியே தள்ளிப்போகும். ஓய்வு பெறும்வரை இந்தப் பத்தொன்பது மாதம் என் கூடவே வரும்.

அதனால் ஃபைல் திரும்பி வந்தால், கையெழுத்துப் போடும்முன் அது எந்த வார்த்தையோடு வந்திருக்கிறது என்று பாருங்கள். கணக்கில் தவறு இருந்தால், 'கணக்கீட்டுப் பிழை, திருத்தத்துக்காகத் திருப்பப்பட்டதாகக் கொள்ளவும்' என்று அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடும்போது, 'ஆட்சேபத்துடன்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். இன்னும் நல்லது, ஃபைல் கொடுப்பதற்கு முன்னாலேயே, ஒவ்வோர் ஏப்ரலிலும் அந்த ஆண்டின் தரத்தை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து நான்காம் ஆண்டில் கணக்குப் பார்த்தால், பழைய துறைத்தலைவர் ஓய்வு பெற்றிருப்பார், பதிவேடு பூஞ்சை பிடித்திருக்கும்.

எங்கள் கல்லூரியில் இப்போது விடுமுறை நாட்களைக் கழித்த பிறகுதான் சதவீதம் போடுகிறார்கள். மகப்பேறு விடுப்பு முடிந்து வருகிறவர்களிடம் அந்த அட்டவணைக் குறிப்பின் நகலை நானே கொடுக்கிறேன். கௌரவ விரிவுரையாளர்களிடமும் குறிப்பேடு எழுதச் சொல்கிறேன். அவர்களுக்கு சி.ஏ.எஸ். கிடையாது, ஆனால் நாளைக்கு அனுபவச் சான்று கேட்கும்போது அதுதான் கையில் இருக்கும். மதிப்பீட்டில் இன்னும் இடம்பெறாத ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் எஸ்டேட் பிள்ளைக்கு, பாடவேளை முடிந்த பிறகு உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு எந்தக் கட்டமும் இல்லை. அதை எங்கே எழுதுவது என்று இளையவர்கள் கேட்கிறார்கள். குறிப்பேட்டில் எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பதவி உயர்வுத் தேதியை 2022 ஜூலைக்கு மாற்றக் கேட்டு நான் கொடுத்த மனு இன்னும் முடிவாகவில்லை. மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தோழியோடு பேசி வைத்திருக்கிறேன்.